கினு, வயது பத்தொன்பது

எங்கள் கட்டகிரி வீட்டில் முந்நூறு வருடங்களாக யாரும் பூனைக்காக அழுததில்லை. பிரபுவுக்கு ஈட்டி தாங்கிய குடும்பம். நானும் அழவில்லை. என் முதல் பூனை கென் செத்தபோது அவனை ஆரஞ்சு மரத்தடியில் புதைத்தேன். கை கழுவிக்கொண்டு நேரே எங்கள் ஹாகி ஊர் வரலாற்றுக் கழகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றினேன். என்ன பேசினேன் என்பது எனக்கும் நினைவில்லை, கேட்டவர்களுக்கும் நினைவில்லை. அடுத்த பூனை உமே செத்தபோது எனக்கு ஜலதோஷம். ஒன்பது நாள் இருந்தது.

கினு போன ஏப்ரலில் செத்தாள். எழுபத்தொன்பது வயதில் ஜலதோஷம் என்று சொன்னால் மருத்துவமனைக்கு இழுத்துப் போய்விடுவார்கள். ஆகவே திடமாக இருந்தேன். நவம்பர் வரை இருந்தேன்.

நவம்பர் கடைசியில் புத்தாண்டு அட்டை எழுத உட்கார்வது என் வழக்கம். நூற்று இருபத்தாறு பேருக்கும் தூரிகையால் நானே எழுதுவேன். அச்சடித்து அனுப்புகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு; கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். அன்று மைக்கட்டியைக் கல்லில் உரைத்துவிட்டு வாழ்த்தின் முதல் எழுத்தைப் போடப் போனேன். கை போகவில்லை. மை உரைக்கும்போதெல்லாம் கினு மடியில் ஏறிக்கொண்டு, ஓர் அட்டையையாவது வாலால் இழுத்துக் கெடுப்பாள். இந்த முறை அட்டைகள் அத்தனையும் சுத்தமாக இருந்தன. அதுதான் தாங்கவில்லை.

சாவு விழுந்த வீட்டார் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவதில்லை. அதற்குப் பதிலாகத் துக்க அட்டை அனுப்புவார்கள். இறந்தவர் என்ன உறவு, என்ன பெயர், என்ன வயது என்று மூன்று விவரம் வேண்டும். பெயரும் வயதும் எளிது. உறவுக்கு வந்தபோது தூரிகை நின்றது. கட்டகிரி பெயர் போட்ட அட்டையில் பூனை என்று எழுதுவதா? அரை மணி நேரம் யோசித்து, "எங்கள் கினு, தமது பத்தொன்பதாம் வயதில்" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு நூற்று இருபத்தாறையும் தபாலில் சேர்த்தேன்.

ஒரு வாரத்தில் அனுதாபமாக ஊதுபத்திப் பெட்டிகள் வரத் தொடங்கின. பன்னிரண்டாவது பெட்டி வந்த அன்று, என் மனைவி ஃபுசாயே முடி திருத்திக்கொண்டு வீடு திரும்பினாள்.

"ஏங்க, முடி வெட்டுற நிஷியோ அம்மா, கடையில எல்லார் முன்னாடியும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இத்தனை வருஷம் எப்படித்தான் பொறுத்தீங்களோன்னாங்க."

"எதை?"

"உங்க பொண்ணை."

எங்களுக்குப் பெண் கிடையாது. ஒசாகாவில் ஒரே மகன், அவனுக்கே ஐம்பத்தொன்று.

"பத்தொன்பது வயசுன்னு எழுதினீங்கல்ல, அதை வெச்சு கணக்குப் போட்டுட்டாங்க. அறுபது வயசுல பெத்தீங்களாம். மீன்கடைக்காரருக்கு உங்க மேல மரியாதையே கூடிப்போச்சு."

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில நிமிடங்கள் எனக்கு அது அவ்வளவு மோசமாகப் படவில்லை. எங்கள் வம்சத்தில் மறைவாகப் பிள்ளை பெற்றவர்கள் உண்டு. நான் தொகுத்த குடும்ப வரலாற்றில் அவர்களுக்கென்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறேன். பூனைக்குத் துக்கம் காத்தவர் ஒருவர்கூட இல்லை.

"பூனைதான்னு ஊருக்குச் சொல்லிடுங்க," என்றாள் ஃபுசாயே.

"எழுதினதைத் திருப்பி வாங்கறது நம்ம வழக்கமில்ல."

"என்னைப் பார்த்து ஊரே பரிதாபப்படட்டும், எனக்கொண்ணும் இல்ல. ஆனா கினு பத்தொன்பது வருஷம் என் கால்மாட்டுல தூங்கினவ. அவளைப் போய் எவளோ பெத்த பொண்ணுன்னு பேச விட்டிருக்கீங்களே."

மறுநாள் காலை என் அக்கா சதாயே வந்து இறங்கினாள். எண்பத்து நான்கு வயதில் இரண்டு பஸ் மாறி, துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புக் கிமோனோவில். எனக்கு நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். உட்கார்ந்ததும் கேட்டாள்.

"தாய் யாரு?"

"தெரியாதுக்கா."

"தெரியாதா."

"மீன் சந்தைக்குப் பின்னாடி இருந்தவ. நாலைப் பெத்துப் போட்டுட்டு எங்கயோ போயிட்டா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "நாலா."

"நான் ஒண்ணைத்தான் எடுத்துட்டு வந்தேன்."

"மத்த மூணு?"

"அரிசிக்கடையில ஒண்ணை எடுத்துக்கிட்டாங்க. எலித் தொல்லை இருந்துச்சாம்."

கதவருகே தேநீர்த் தட்டோடு நின்ற ஃபுசாயே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அக்கா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து நேரே முன்னோர் மாடத்துக்குப் போனாள். என் முழங்கால் ஒத்துழைப்பதற்குள், தாத்தாவின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த கினுவின் படத்தை எடுத்துவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம ஜாடை இல்ல," என்றாள்.

படத்தை மாடத்தில் முன்னால் நிறுத்தினாள்.

"பூனைன்னு எழுத உனக்கு என்ன கேடு, முனெ?"

"நம்ம வீட்டு அட்டையில பூனைன்னு போட்டா, குடும்ப கௌரவம்..."

"கள்ளப் பொண்ணுன்னா கௌரவமா?"

அதற்கு எப்படியாவது பதில் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். உடனே ஜலதோஷம் வந்துவிட்டது. எட்டு மாத ஜலதோஷம். கென்னுக்கு வர வேண்டியதும் அதோடு சேர்ந்துகொண்டது போலிருந்தது. நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தேன். அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது. அக்கா தன் கைக்குட்டையை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உடுத்திக்கிட்டு வந்தது வந்தாச்சு," என்று ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, படத்துக்கு முன்னால் முறையாகக் குனிந்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள். "அந்த ஒத்தைக் காது கறுப்பு ஒண்ணு இருந்துச்சே, என் மடியில வந்து படுத்துக்குமே, அது பேரு என்ன?"

"உமே."

"அதுக்கு நீ அட்டை போடலையே."

அன்று மத்தியானமே மை உரைத்தேன். "எங்கள் பூனை கினு, வயது பத்தொன்பது. அவளுக்கு முன் உமே, பதினான்கு. அவளுக்கும் முன் கென், பதினொன்று. உரிய காலத்தில் தெரிவிக்காததற்கு வருந்துகிறேன்." நூற்று இருபத்தாறு அட்டைகள். இனி மீன்கடைக்காரர் என்னைப் பழையபடியே நடத்துவார்.

புறப்படும்போது அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஒண்ணும் அனுப்பாதே. எங்க தபால்காரன் எல்லாத்தையும் படிக்கிறவன்."

அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். கண்ணாடி போடாமலே அவன் படிக்கிற அளவுக்கு, பூனை என்ற எழுத்தை மட்டும் பெரிதாகப் போட்டு.