வாத்தின் வாலில் கறுப்பு

1

ஒரு துணியைப் பார்த்ததால் வந்த கதை இது. கால் ஆடிய நாற்காலியை ஒட்ட ஒரு மரப்பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண், துப்பாக்கியின் மரக்கட்டையை (தோளில் அணைத்துப் பிடிப்போமே, அந்தப் பகுதி) மடியில் வைத்து, செதுக்கலின் மேல் பூசிய கருஞ்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க மரத்துக்குள்ளிருந்து ஒரு வாத்து எழும்பி வந்தது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதி எழுதி அலுத்துவிட்டது. இது எத்தனையாவது தொடக்கம் என்று கேட்காதீர்கள்.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லத்தான் இன்னும் தெம்பிருக்கிறது. செதுக்கிய மரத்தில் நேரடியாகச் சாயம் பூசினால் திட்டுத்திட்டாக உறிஞ்சிவிடும். அதனால் முதலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அது காய்ந்தபின் கருஞ்சாயம். ஈரம் போவதற்குள் துடைக்க வேண்டும்.* மேடு வெளுக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். வித்தையெல்லாம் கையின் அழுத்தத்தில். மெதுவாகத் துடைத்தால் மயிரிழைக் கீறல்கூடக் கறுப்பாய்த் தங்கும். அழுத்தித் துடைத்தால் ஆழமான கோடுகள் மட்டும் தெரியும்.

* காய்ந்துவிட்டால் எந்தத் துணியாலும் ஆகாது. மொத்தமும் கறுப்புதான்.

3

செதுக்குவது கணவர், மெருகேற்றுவது மனைவி. (இது என் கற்பனை. பட்டறையில் அந்தப் பெண் தனியாகத்தான் இருந்தார்.) இந்த முறை வாத்தின் சிறகுவரை கோடுகள் சுத்தம். வாலுக்கு வந்ததும் உளி நடுங்கியிருக்கிறது. கோட்டை விட்டு வெளியே மெல்லிய கீறல்கள். எண்ணெய் மட்டும் பூசினால் தெரியாது. கறுப்பு பூசினால் எல்லாம் தெரியும். அவர் கை நடுங்குவதைப் பற்றி வீட்டில் இன்னும் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

முதல் வரைவில் அவள் கறுப்பே பூசாமல் கட்டையை அனுப்பிவைத்தாள். அவர் கவனிக்கவில்லை, நிம்மதியாகச் சாப்பி

அடித்துவிட்டேன். காலமெல்லாம் செதுக்கியவருக்குத் தன் விரல் தெரியாதா? அவரை முட்டாளாக்கப் பார்த்திருக்கிறேன்.

4

"என்ன, வாத்துக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்க?"

"எண்ணெயே போதும்னு தோணுச்சுங்க."

"ஏன், சாயம் தீந்துபோச்சா?"

"இருக்கு. மரமே நல்ல கலரு, பாருங்க."

"இத்தனை நாளா மரம் கலரில்லாமலா இருந்துச்சு? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பழகிட்டு வந்து சொல்லு."

அவர் கட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்து, வாலைக் கட்டைவிரலால் தடவினார்.

"கறுப்பப் பூசு. என் கை எந்த லட்சணத்துல இருக்குன்னு நான் பாக்கணும். இனிமே உளிய எடுக்கலாமா வேணாமான்னு தெரிஞ்சிடும்ல."

"எடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சா என்னங்க பண்ணுவீங்க?"

"உன்கூட உக்காந்து துடைக்கிறேன். திட்டு வாங்க நான் ரெடி."

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் மெதுவாகத் துடைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு உளிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தார். மற்றதில் அழுத்தித் துடைத்தாள். வால் சுத்தமாக வந்தது. "பரவாயில்லயே, இன்னும் ஓடும்போல" என்று அவர் அடுத்த கட்டையை எடுத்தார். அதில் உளி எங்கே வழுக்கும் என்று

வேண்டாம். எனக்கு முடியவில்லை.

இப்போதைய நிலவரத்தை மட்டும் சொல்கிறேன். வாலில் கறுப்பு பூசியாகிவிட்டது. அவர் கண்ணாடியைத் தேடி உள்ளே போயிருக்கிறார். அது அவர் நெற்றியில்தான் இருக்கிறது. அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. துணியை உங்களிடம் நீட்டுகிறேன், பிடியுங்கள். யோசித்துத்தான் செய்ய வேண்டும், சரி. ஆனால் சாயம் காய்ந்துகொண்டிருக்கிறது.