ரோஜரைக் கடலுக்குக் கூட்டிப்போனது

நாய்க்குக் கடல் காட்ட ஒரு குடும்பம் வீடு பிடித்துப் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அந்த நாய்க்குச் சோறு ஊட்ட அதே காரில் ஏறிப் போனவள் நான்தான்.

என் பெயர் அன்புக்கரசி. வடக்குத்து கிராமத்தில் குடியிருக்கிறோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் செங்குட்டுவன் சார் குவார்ட்டர்ஸில் ஆறு வருஷமாக வீட்டு வேலை. ரோஜர் அங்கே குட்டியாக வந்தபோது கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. சாரும் சரிதா மேடமும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். பால் புகட்டியது, சோறு பிசைந்து ஊட்டியது எல்லாம் நான். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. என் கையால் கொடுத்தால்தான் வாயைத் திறக்கும். போன வருஷம் அதைப் புதுச்சேரியில் ஒரு நாய் விடுதியில் விட்டுவிட்டு ஊட்டிக்குப் போனார்கள். மூன்று நாள் பட்டினி கிடந்தது. கொழுப்பு என்றேன் நான். மேடம் அழுதார்.

அதனால் இந்த வருஷம் நாயும் தங்கலாம் என்கிற இடமாகத் தேடிப் பிடித்தார்கள். கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு காட்டேஜ்.

"அன்பு, நீயும் வந்துடு. மூணு நாள்தான். அது வெளியில கண்டதையும் தின்னாம பாத்துக்கணும், அதுக்குத்தான் உன்னக் கூப்பிடறேன்," என்றார் மேடம்.

"பாப்பாவயும் இட்டுகினு வரட்டுங்களா? அது கடலயே பாத்ததில்லீங்க."

"அவ வந்தா உன் கவனம் அவ மேல போயிடும்." கொஞ்சம் யோசித்தார். "சரி, கூட்டிட்டு வா. ரோஜரோட விளையாடட்டும். ஆனா ரோஜருக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீதான் பொறுப்பு."

தலையாட்டினேன். எனக்கு வேறு காரியம் இருந்தது. என் வீட்டுக்காரர் சுபாஷ் மைன்ஸில் ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். இரண்டு மாதம் முன்பு கான்ட்ராக்டர் மாறினார். புதியவர் பழைய ஆட்களில் பதினோரு பேருக்கு கேட் பாஸ் வாங்கித் தரவில்லை. அதில் இவர் ஒருவர். பாஸ் இல்லாவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். மனுஷன் காலையில் எழுந்து குளித்து, சட்டை போட்டு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு முறை பூச்சி மருந்துக் கடை வாசலில் நின்றிருந்தார் என்று ஊரில் சொன்னார்கள். அதன்பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. சார் மைன்ஸில் ஆபீசர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கான்ட்ராக்டர் தட்டமாட்டார். குவார்ட்டர்ஸில் சாரிடம் பேச நேரம் கிடைக்காது. மூன்று நாளில் ஒரு நிமிஷமா கிடைக்காது என்றுதான் கிளம்பினேன்.

காட்டேஜ் சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தது. குடும்பத்தோடும் செல்ல நாயோடும் இங்கே செய்யக்கூடியவை என்று பன்னிரண்டு போட்டிருந்தார்கள். என் மகள் இசைப்பிரியா மூன்றாவது படிக்கிறாள், எழுத்துக்கூட்டி வாசித்தாள். விடியலில் கரையோரம் நடப்பது. மணல் வீடு கட்டுவது. நண்டு வளை தேடுவது. நாயோடு பந்து விளையாடுவது. நாய்க்குத் தனித் துண்டு, தனித் தட்டு, தனிக் கட்டில் உண்டு.

"அம்மா, நமக்கு எங்க கட்டிலு?"

"வராந்தாவுல பாயி கீது, போ," என்றேன். கொடுத்து வைத்த நாய், வேறென்ன சொல்ல.

குழந்தை மேல் பொய் சொல்லக்கூடாது, அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கடலைப் பார்த்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டவள், ஒரு மணி நேரத்தில் ரோஜரோடு ஈர மணலில் உருண்டாள். மேடமே சிரித்துக்கொண்டு ஃபோட்டோ எடுத்தார்.

இரண்டாம் நாள் காலை சாருக்கு டீ கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். சார் பொறுமையாகக் கேட்டார்.

"பேர எழுதிக் குடு அன்பு. ஊருக்குப் போனதும் பேசறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்ப் பாத்திரத்தைத் தேய்க்கிற சாக்கில் அழுதேன். அந்த அரை மணி நேரம்தான் நான் வெளியே பார்க்கவில்லை.

இசைப்பிரியா ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, பந்த அல இஸ்துகினு போயிடுச்சும்மா. மேடம் திட்டுவாங்கன்னு பயந்துகினு..."

"பயந்துகினு?"

"அங்க வலை இஸ்தாங்க இல்ல, அவங்க மீனு பொறுக்கிகினு மிச்சத்த மண்ணுல போட்டுட்டாங்க. அதுல ஒண்ணு உருண்டையா பந்து மாதிரியே இருந்துதும்மா. அத போட்டேன். ரோஜர் புடிச்சி புடிச்சிக் குடுத்துது. அப்பறம் தின்னுடுச்சி."

மீன் தின்றால் என்ன, தின்னட்டும் என்றுதான் நினைத்தேன். நாங்கள் செம்மண் ஊர்க்காரர்கள். மீன் என்றால் கூடையில் வருகிற நெத்திலியும் சங்கராவும்தான். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று கூடைக்காரம்மா பிரித்துத்தான் கொண்டுவருவாள்.

சிறிது நேரத்தில் ரோஜருக்குப் பின்கால்கள் மடங்கின. வாயில் எச்சில் கொழகொழவென்று வடிந்தது. எழப்பார்த்தது, முடியவில்லை. மேடம் ஓடிவந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சார் கடலூரில் ஒரு நாய் டாக்டருக்கு ஃபோன் போட்டார். உடனே கொண்டுவரச் சொன்னார்கள். சார் காரை எடுக்க ஓடினார்.

காட்டேஜ் வாட்ச்மேன் பழனிவேல், அந்தக் கரையிலேயே பிறந்தவர், குனிந்து நாயின் காலைத் தூக்கிப் பார்த்தார். அது தொப்பென்று விழுந்தது.

"கரையில பேத்த மீன் ஏதாச்சும் தின்னுச்சாம்மா? உருண்டையா வீங்கிகினு கெடக்கும். காக்கா கூட தொடாது. வெசம்."

இசைப்பிரியா என் பின்னால் நின்றிருந்தாள். அவள் விரல்கள் என் இடுப்பில் புதைந்தன.

"இல்லீங்க," என்றேன்.

"என்ன தின்னுச்சோ, கெட்டியா உப்பக் கரைச்சி ஊத்துங்க. கக்கிச்சின்னா வெசம் கொஞ்சம் வெளிய வந்துடும். என்னா தின்னுச்சின்னும் தெரிஞ்சிடும்."

"அன்பு, நீ குடு. உன் கையில தவிர வாங்காது. சீக்கிரம்," என்றார் மேடம்.

சமையலறைக்குள் போனேன். கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தேன். உப்பு டப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. கக்கினால் அந்த மீன் வெளியே வரும். யார் கொடுத்தது என்று கேட்பார்கள். நீதான் பொறுப்பு என்று மேடம் சொன்னது காதில் விழுந்தது. அப்புறம் பாஸ் ஏது, சார் ஏது? சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் முகம் வந்தது. பூச்சி மருந்துக் கடை வந்தது. வெளியே கார் கிளம்புகிற சத்தம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும்.

பாவி நான், டப்பாவைத் தொடவில்லை. பச்சைத் தண்ணீரைக் கொண்டுபோய் ரோஜர் வாயில் ஊற்றினேன்.

அது குடித்தது. தொண்டை அடைத்துக்கொண்டு கஷ்டப்பட்டு விழுங்கியது, என் கை என்பதால் விழுங்கியது. பாதி வழிந்துபோயிற்று. வாயில்லா ஜீவன் என்பார்கள். அதற்குக் கண் இருந்தது. என்னையே பார்த்தது.

"கக்கலியே. உப்பு பத்தலியோ," என்றார் பழனிவேல். நான் ரோஜரைத் தூக்கிக் காரில் ஏற்றினேன். கடலூர் போகிற வழியில், ஆலப்பாக்கம் தாண்டும்போது மேடம் மடியில் செத்துப்போனது. உப்பு போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் தண்டனை போலிருக்கிறது.

குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் பலாமரத்தடியில் புதைத்தார்கள். ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று சார் சொன்னார். மேடம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "கடைசியா உன் கையாலதான் தண்ணி குடிச்சுது அன்பு. அதுக்கு அந்தப் புண்ணியமாவது கெடச்சுது," என்றார். அந்தத் தோளில் சாய்ந்துகொண்டு நானும் அழுதேன். நெஞ்சு வெடித்துப்போகாதா என்று இருந்தது. வெடிக்கவில்லை.

நாலாம் நாள் சார் ஃபோன் பேசினார். அடுத்த வாரம் சுபாஷுக்கு பாஸ் வந்தது. முதல் ஷிஃப்ட். விடிவதற்கு முன்பே எழுந்து சோறு கட்டிக் கொடுத்தேன். பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இரண்டு முறை நின்றார்.

"சாரு நல்ல மனுஷன்டி. நாய் செத்த துக்கத்துலயும் நம்மள மறக்கல," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிட இசைப்பிரியாவை உட்கார வைத்தேன். திரும்பி வந்ததிலிருந்து அவள் சரியாகப் பேசவில்லை. ரோஜருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்திருந்தேன். நம்பிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"அம்மா."

"என்னாடி?"

"நீ உப்பு போடல. நான் கதவாண்ட நின்னுகினு பாத்தேன்."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது.

"மேடம் என்ன அடிப்பாங்கன்னுதான போடல? எனக்காகத்தான?"

உனக்காக இல்லை, உன் அப்பாவின் பாஸுக்காக என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் அவள் அப்பாவைப் பார்க்கிறபோதெல்லாம் ரோஜர் செத்தது ஞாபகம் வரும். சொல்லாவிட்டால் தன்னால்தான் செத்தது என்று காலம் முழுக்கச் சுமப்பாள். எட்டு வயசு. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டி," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு பின்னலுக்குக் காட்டினாள்.