இரண்டு படி கீழே

காலையில் பால் காய்ச்சினேன். டப்பாவில் உப்புமா வைத்தேன். நெம்மேலிக்கு வேலைக்குப் போகும் பஸ் வரும்வரை கீபோர்டின் முன் உட்கார்ந்தேன்.

என் மனைவி ஜெபா இறந்தபின் சர்ச்சில் கீபோர்ட் வாசிக்க ஆளில்லை. இந்த ஞாயிறு நான் வாசிக்க வேண்டும். கொயரில் முதலில் பாடும் சந்திரம்மா அக்கா நேற்று கேட்டார்: "இன்னா தம்பி, வாசிப்பியா, இல்ல கைதட்டியே பாடிக்கவா?"

எந்த ஸ்கேலுக்கு எத்தனை ஷார்ப், எத்தனை கருப்புக் கட்டை என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். ஜி-க்கு ஒன்று, டி-க்கு இரண்டு, ஏ-க்கு மூன்று. பாட்டு டி மேஜர். எஃப், சி இரண்டையும் ஷார்ப்பாக்கி வாசித்தேன். சரிபார்க்க, ஸ்கேலைக் கேட்டுச் சொல்லும் ஆப்பைத் திறந்து ஃபோனை வைத்தேன். சி மேஜர் என்றது. அதில் ஷார்ப்பே கிடையாது. மறுபடி வாசித்தேன். அதே பதில். தப்பு என் மனப்பாடத்திலா, ஃபோனிலா?

கீபோர்டின் திரை ஓரத்தில் 'ட்ரான்ஸ்போஸ் –2' என்று சின்னதாக இருந்தது. எதை அழுத்தினாலும் இரண்டு படி இறங்கித்தான் ஒலிக்கும்; டி வாசித்தால் சி. பூஜ்யமாக்க பட்டனில் விரல் வைத்தேன். எதற்காக இறக்கியிருப்பாள்?

விரலை எடுத்துவிட்டேன். ஆபரேஷனுக்கு அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிப்போகும்போது சொன்னாள். மருந்து மயக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்தேன். அதன்பின் அவள் கண் விழிக்கவில்லை.

"கீபோர்ட எறக்கி வெச்சிக்கீறேன், மாத்திடாத. சந்திரம்மாக்காவுக்கு மேல எட்டாது, பாவம் கத்தும்."