பியூலாவின் முத்திரை

"என் முத்திரையைக் கொடுங்க சார்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலையில் சேர்ந்த அன்றே பியூலாவிடம் சொல்லியிருந்தார்கள். ராக்கெட் நிலையத்துப் பரிசோதகர்கள், தேறிய ராக்கெட் உருளைகளில் குத்தவேண்டிய தங்கள் எஃகு முத்திரையைத் தனியார் தொழிற்சாலை மேலாளரின் மேசையிலேயே விட்டுவைப்பது அங்கே வழக்கம். போன மாதம், அவள் கண்ணில் காட்டாத ஓர் உருளையில் அவள் முத்திரை விழுந்தது. சோதனையில் அது வெடித்தது. பழி அவள் தலையில்.

மேலாளர் தாணுலிங்கம், போன வருடம்வரை நிலையத்தில் பெரிய அதிகாரி. "போனக்காட்டு எஸ்டேட்டுல தேயிலைக் கொழுந்து கிள்ளவேண்டிய ஆளு நீ. வேலை தந்தது ஆருன்னு ஓர்மையுண்டா மோளே?"

"பரீட்சை எழுதி வந்தேன். நீங்கதான் அங்க இருந்தப்பவே இந்தக் கம்பெனிக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்துட்டு, இங்க நாற்காலி வாங்கினீங்க."

"வெளிய மந்திரி கொடியசைக்க நிக்காரு. உருளை ஏத்தின லாரி இப்பம் போணும், கேட்டோ!"

"போகட்டும். முத்திரை இல்லாத உருளையை நிலையத்துக்குள்ள விடமாட்டாங்க. நீங்க போட்ட சட்டந்தானே?"

அவர் முகம் வெளிறியது. பியூலா அவர் மேசை இழுப்பறையைத் தானே திறந்து முத்திரையை எடுத்துக்கொண்டாள். இன்று எதிலும் குத்துவதில்லை என்று காலையில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். மந்திரிக்கு எழுந்த கைதட்டலினூடே, முத்திரை விழாத உருளைகளோடு நின்ற லாரியைக் கடந்து வெளியே நடந்தாள்.