தொகை சொல்லாத ஒலிபெருக்கி

"தொகையச் சொல்லலனா எவன்மா குடுப்பான்? பக்கத்து வீட்டுக்காரன் ஐந்நூறுன்னு காதுல விழுந்தாத்தான் இவன் பைக்குள்ள கைய விடுவான்."

"கைய விட முடியாதவங்க வீட்டுலயே உக்காந்துட்டாங்கண்ணே. அவங்கள யாரு எண்ணுனா?"

"கூரைக்கு வேண்டியது சேரலனா?"

"செயலாளர் வேலைய விட்டுட்டுப் போயிடுறேன். போதுமா?"

"எழுதிக் குடுத்துட்டுப் போயேன்லா, பிரமிளா!" என்று கோயில் தலைவர் குணாளன் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். கூட்டம் முழுவதும் சிரித்தது. ஆனாலும் இந்த ஆண்டு தொகையை வாசிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் திருவிழாவில், "நல்லம்மாள் குடும்பம், நன்கொடை ஐந்து வெள்ளி" என்று ஒலிபெருக்கி தெருவுக்கே அறிவித்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துறைமுக அலுவலகத்தில் தரை துடைக்கும் என் அம்மா அதற்குப் பிறகு இந்த மாரியம்மன் கோயில் பக்கம் வரவேயில்லை. எனக்கு அம்மா திரும்பி வர வேண்டும். கூரை எனக்கு அடுத்ததுதான்.

வீடு வீடாக ஒரே மாதிரி மஞ்சள் உறைகள் கொடுத்தேன். உள்ளே ஒரு சீட்டு: 'கூரை ஒழுகுகிறது. அம்மன் நனைகிறாள். முடிந்ததை உண்டியலில் போடுங்கள். பக்கத்திலுள்ள தாளில் பெயர் எழுதுங்கள்; அதை மட்டும் வாசிப்போம்.'

திருவிழாக் காலையில் குணாளன் அண்ணன் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். வழக்கமாக இரண்டு தாளில் முடிந்துவிடும். ஐந்தாவது தாளில் அவருக்குத் தொண்டை கட்டியது. தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றார். இருந்தது. செருப்புகள் வாசல் தாண்டிச் சாலைவரை பரவிக் கிடந்தன. உண்டியலைத் திறந்து எண்ணியவர்கள், கூரைக்குப் போக மதிலுக்கும் சேர்ந்துவிட்டது என்று வந்து சொன்னார்கள்.

"நல்லம்மாள் குடும்பம்."

கூட்டம் விலகியது. கடைசி வரிசையிலிருந்து பச்சைச் சேலையில் அம்மா நடந்து வந்தார், கடலே வழிவிட்டதுபோல் நிமிர்ந்து. ஒருவரும் சிரிக்கவில்லை. உறுமி முழங்கியது. பிரசாதம் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று என் நெற்றியில் குங்குமம் வைத்தார். கண்ணீர் என் பார்வையை மறைத்தது.

யாரோ என் தோளைத் தட்டினார்கள். நான்கு லாரிகளுக்குச் சொந்தக்காரரான வாசு அண்ணன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"தங்கச்சி, நான் மூவாயிரம் போட்டேன்மா. என்னோடத மட்டும், ஒரே ஒரு தடவ, மைக்ல சொல்லச் சொல்லேன்லா."