மயில்வாகனம் வாய் திறந்த இரண்டு நாள்

துணுக்காயில் உப்புக்குக் கமலாசனியைப் போல ஒரு எதிரி கிடையாது. கணவர் மயில்வாகனத்தின் சிறுநீரகம் இரண்டும் பழுது, உப்பைக் குறையுங்கோ என்று கிளினிக்கில் சொன்ன அன்றே கருவாட்டை அயலுக்குக் கொடுத்துவிட்டு, உப்புப் போத்தலைக் கிணற்றடியில் கொட்டினாள். அதோடு நின்றிருக்கலாம். சிறுநீரக வருத்தம் வராமலிருக்க நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று முன்பொரு சுகாதாரக் கூட்டத்தில் கேட்டிருந்தாள். வருத்தம் முற்றியவருக்கு அது பொருந்தாது என்று அவளுக்குத் தெரியாது. செம்பு செம்பாகக் கொடுத்தாள். அவரும் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் முற்றத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“கமலா, பிரசாந்தன் வந்து நிக்கிறான். தேத்தண்ணி ஊத்து.”

முற்றத்தில் ஒருவரும் இல்லை. பிரசாந்தன் அவர்களின் ஒரே மகன். யுத்தத்தின் கடைசி மாதத்தில் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவன். அதன்பிறகு மயில்வாகனம் அவன் பெயரைச் சொன்னதே இல்லை. அவள் பேச்செடுத்தால் எழும்பி வயலுக்குப் போய்விடுவார். பாவி மனுசன், பதினாறு வருசம் அவளைத் தனியே அழவிட்டவர்.

இப்போது வாய் ஓயவில்லை. மகன் மாமரத்தால் விழுந்து கை முறித்தது, மீசை அரும்பியது என்று கதைத்துக்கொண்டே இருந்தார். கமலாசனி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் கை நடுங்கியதும் நடை தள்ளாடியதும் அவள் கண்ணில் படாமலில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் அதையே நினைத்தாள்.

ஞாயிறு காலை அவருக்கு வலிப்பு வந்தது.

“தண்ணி கூடி இரத்தத்தில உப்பு ஐதாகிக் குறைஞ்சு போச்சு அம்மா, அதுதான் மூளை குழம்பினது” என்றாள் வார்ட்டில் இருந்த டொக்டர் அருந்ததி. “உப்பைக் குறைச்சது சரி. தண்ணியையும் அளவாக் குடுத்திருக்க வேணும். எப்ப தொடங்கினது?”

இன்றைக்குத்தான் என்று பொய் சொல்ல வாய் உன்னியது.

“ரெண்டு நாள். மகனைப் பற்றிக் கதைச்சவர், பிள்ளை. அதுதான் விட்டிட்டன்.”

சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதாள். அருந்ததி ஏசவில்லை.

நாலாம் நாள் மயில்வாகனத்துக்கு நன்றாகத் தெளிந்தது.

“நான் ஏதும் அலட்டினனானோ?”

“ஓம். பிரசாந்தனைப் பற்றிக் கதைச்சனீங்கள்.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இனி அவ்வளவுதான் என்று அவள் எழும்பினாள்.

“அண்டைக்கு ஷெல்லுக்குப் பதுங்கிப் பங்கர்க் குழிக்குள்ள இருந்தவனைக் கஞ்சி வரிசையில நிக்கச் சொல்லி அனுப்பினது நான்தான், கமலா.”

அவள் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, அவர் முதுகில் கையை வைத்தாள்.

“பசிக்குதெண்டு சொன்னது நானப்பா.”