வேலியோடு முடியாத நடை

எங்க வீட்டு மாடியில தங்குற வெளியூர்க்காரங்க காலையில இறங்கி வந்ததும் கேக்கிற முதல் கேள்வி, "வெலிகா அக்கா, இன்னைக்கு எந்தப் பக்கம் நடக்கலாம்?" கடலோரத்துப் பாதை அத்தனையும் எனக்கு அத்துப்படி. குழந்தை வச்சிருக்கிறவங்களை மணல்திட்டுக்கு அனுப்புவேன், புதுசா கட்டிக்கிட்டதுங்களைக் கலங்கரை விளக்கத்துக்கு, வாய் ஓயாத கிழடுங்களைச் சீக்கிரம் திரும்ப முடியாத பாதைக்கு. ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி கட்டிக் குடுப்பேன். எல்லா நடையும் வடக்கேதான். தெற்கே ஆத்து முகத்துவாரத்தைத் தாண்டினா பட்டாளம், நாய், கம்பிவேலி. அதுக்கும் அந்தாண்ட எங்கேயோ துருக்கி. பல்கேரியாவுல பொறந்து வளர்ந்த நானே அனுமதிச் சீட்டு இல்லாம அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது.

அந்த ஆகஸ்ட் மாசம் கிழக்கு ஜெர்மனியில இருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. அவன் ரைனர், அவ ஹைட்ருன். பள்ளிக்கூடத்துல படிச்ச ரஷ்ய மொழியில பேசுவாங்க, நானும் அதே லட்சணத்துல பதில் சொல்வேன். நல்ல பிள்ளைங்கதான். ஆனா கொளுத்துற வெயில்ல கடலுக்கு வர்றவன் எவனாவது கனமான பூட்ஸ் கொண்டு வருவானா? அதுவும் புதுசு, எண்ணெய் போட்டுத் தேய்ச்சது. வந்த அன்னைக்கே அவன் கேட்டது எங்க குளிக்கலாம்னு இல்ல. "தெற்கால நாய் குரைக்குதே அக்கா, அது எவ்வளவு தூரத்துல?"

சொந்த நாட்டை விட்டு ஓடத் துடிக்கிற கிழக்கு ஜெர்மன்காரங்க, துருக்கிக்குத் தாவ எங்க வேலிக்குத்தான் வருவாங்கன்னு ஊருக்கே தெரியும்.

என் புருஷன் ஸ்தமாத் மீன்பிடிக் கூட்டுறவுல படகு ஓட்டுறவன். கடலே பொங்கினாலும் ஒரு வாய் சூப்பு குடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பான். அவன்கிட்ட சொன்னேன்.

"போய் போலீஸ்ல சொல்லிடு"ன்னான்.

"சொன்னா அந்தப் பிள்ளைங்க கதி?"

"சொல்லலைன்னா நம்ம கதி? போன வருஷம் நம்ம ஊரு மெத்தோடி வீட்டுல தங்க ஒருத்தன் வந்தானே, தாடியும் கிட்டாருமா. வேலி எங்கன்னு கேட்டான், இந்த மடையன் வழி சொன்னான். வந்தவன் யாரு? உளவுத்துறை. மெத்தோடி இப்ப எங்க இருக்கான்?"

"ஜெயில்ல."

"இதுங்களும் அந்த மாதிரி இருந்தா?"

அதுதான் எனக்கும் பயம். ஓடிப்போக வந்திருக்காங்களா, இல்ல என்னை ஆழம் பார்க்க வந்திருக்காங்களா? முகத்தைப் பார்த்தா தெரியுமா? போலீசுக்கும் போகல, வாயையும் திறக்கல. ஒரு வழி தோணுச்சு. லீவு முடியிற வரைக்கும் இதுங்களை வடக்கே நடக்க விட்டே சாகடிச்சா, தெற்கே போகத் தெம்பு எங்க இருந்து வரும்? ஒவ்வொரு நாளும் போன நாளைவிட நீளமா ஒரு நடை போட்டுக் குடுத்தேன். பாறை மேல ஏறி, சதுப்பைச் சுத்தி, திராட்சைத் தோட்டம் வழியா. எதையும் மறுக்காம போனாங்க. சாயங்காலம் அந்தப் பொண்ணு நொண்டிக்கிட்டே வருவா. உப்புத் தண்ணியில காலை வச்சுக்கிட்டு, நான் சுட்டு வச்ச குடைமிளகாயைத் தோலுரிச்சுக் குடுப்பா.

"அக்கா, நீங்க போடுற நடையெல்லாம் கொலைகார நடை."

"சின்ன வயசுதானே, நடடி!" அப்படின்னு விரட்டுவேன். உள்ளுக்குள்ள அவ மேல பாசம் வந்து தொலைச்சிடுச்சு.

லீவு முடியப்போற நேரம். சாப்பாட்டு மேசையில ரைனர் வரைபடத்தை விரிச்சான். விரல் தெற்கே ஊர்ந்துச்சு.

"இந்த நடை எப்படி அக்கா? கடலோரமாவே போனா வேலி. வேலியோட முடிஞ்சுது. அப்படித்தானே?"

"அங்க போக விட மாட்டாங்க."

"சும்மா கேக்கிறேன். வேலியோட முடிஞ்சிடும்தானே?"

அவன் முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைச்சுது. இதுங்க வேலியையே எல்லைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு! வெளியில இருந்து வர்றவன் எல்லாம் அப்படித்தான் நினைப்பான். வேலி நிக்கிறது நம்ம நாட்டுக்குள்ள. அதைத் தாண்டியும் நம்ம காடுதான், நம்ம பட்டாளம்தான். போன கோடையில ரெண்டு பையன்கள் அந்த வேலியைத் தாண்டினதும் துருக்கி வந்தாச்சுன்னு நடுரோட்டுல உக்காந்து, வைன் பாட்டிலைத் திறந்து பாட ஆரம்பிச்சிருக்காங்க. பாட்டுச் சத்தத்தை வச்சே பட்டாளம் வந்துடுச்சு. ரெண்டு பேரும் உயிரோட திரும்பல.

போகாதேன்னு சொல்றது குத்தமில்ல. வேலிக்கு அப்புறம் என்ன இருக்குன்னு சொன்னா, அதுக்குப் பேரு உடந்தை. வாசல்ல நின்ன ஸ்தமாத் இருமினான்.

"வெலிகா, அடுப்புல ஏதோ கருகுது."

அடுப்புல ஒண்ணுமே இல்ல.

"கருகட்டும்"னேன். பென்சிலை எடுத்தேன். வரைபடத்துல வேலிக்கும் தெற்கே கோடு இழுத்தேன். "தம்பி, நான் யாருக்கும் எதையும் சொல்லல. ஆனா இந்த நடை வேலியோட முடியாது. இங்க இருந்து வேலி எவ்வளவு தூரமோ, வேலிக்கு அப்புறமும் அவ்வளவு தூரம் இருக்கு. ரோடு வரும், அதுல ஏறக்கூடாது. கடைசியில இன்னொரு ஆறு, அதுதான் நிஜ எல்லை. ஆத்துக்கு அந்தக் கரையிலதான் முடியும். அதுக்கு முன்னாடி பாடக்கூடாது, சிரிக்கக்கூடாது, நிமிர்ந்துகூட நிக்கக்கூடாது."

ஹைட்ருன் வாயைப் பொத்திக்கிட்டா. அவன் மூஞ்சியில ஈயாடல. வரைபடத்தை மடிச்சுக்கிட்டு மேல போயிட்டாங்க. இனிமே கிளம்ப மாட்டாங்கன்னு நினைச்சேன். உளவாளியா இருந்தா விடியறதுக்குள்ள ஜீப் வரும்னு நினைச்சேன். நான் நினைச்ச ரெண்டும் நடக்கல.

காலையில அவ மட்டும் கீழ வந்தா. கண்ணு வீங்கியிருந்துச்சு, குதிகால்ல துணிக்கட்டு.

"எங்கடி அவன்?"

"ராத்திரியே போயிட்டார். இந்தக் காலோட அவ்வளவு தூரம் என்னால முடியாது. போங்கன்னு நான்தான் சொன்னேன்."

காப்பாத்துறேன்னு நினைச்சு நான் போட்ட நடைதான் இவளை இங்க கட்டிப் போட்டுடுச்சு. அய்யோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அவளைக் கட்டிப் பிடிச்சு அழணும் போல இருந்துச்சு. அதுக்கு நேரம் எங்க? குன்று மேல தூரக்கண்ணாடியோட பட்டாளத்தான் ஒருத்தன் உக்காந்திருப்பான். தினமும் ரெண்டு பேரா நடந்தவங்கள்ல இன்னைக்கு ஒருத்தி மட்டும் போனா அவனுக்குச் சந்தேகம் வராதா?

ஸ்தமாத் ஆணியில மாட்டியிருந்த ரைனரோட தொப்பியை எடுத்துத் தலையில வச்சான். போலீசுக்குப் போன்னு சொன்ன அதே மனுஷன்.

"எந்தப் பாதை?"

"கலங்கரை விளக்கம். வயித்தை உள்ள இழுத்துக்கோ, தொப்பை காட்டிக் குடுத்துடும்."

"வாயை மூடிக்கிட்டு ரொட்டியைக் கட்டு." அப்புறம் மெதுவா, "நாளைக்கு யாராவது கேட்டா, பொண்டாட்டியோட சண்டை போட்டுட்டுக் காலை பஸ்ல போயிட்டான்னு சொல்லுவோம்."

ஸ்தமாத்தும், நொண்டிக்கிட்டே அவளும் வடக்கே நடந்து போனாங்க. மத்தியானம் திரும்பி வந்தாங்க. மூணு பேரும் சமையக்கட்டுல உக்காந்தோம், யாரும் எதையும் வாயில வைக்கல.

"அவர் போய்ச் சேர்ந்தா நமக்கு எப்படித் தெரியும்?"ன்னு ஹைட்ருன் கேட்டா.

"தெரியாது. சேரலைன்னாதான் தெரியும்."

சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். வெயில் இறங்குற நேரத்துக்குத் தெற்கே சைரன் அடிச்சுது.

"காட்டுப்பன்னி வேலியில முட்டியிருக்கும்"னு ஸ்தமாத் சொன்னான். "வாரத்துக்கு ரெண்டு தடவை முட்டும்."

அவன் சொன்னது பொய்யில்ல. ஆனா துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சு, ஒண்ணு, இன்னொண்ணு. அவ மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டா. லாரி ஒண்ணு வர்ற சத்தம் கிட்ட வந்து, எங்க வீட்டு வாசல்ல நின்னுச்சு. எல்லைப் பட்டாளத்து சார்ஜன்ட் பெட்கோ இறங்கி வந்து, ரத்தம் ஊறின ஒரு காகிதப் பொட்டலத்தை ஜன்னல் வழியா நீட்டினான்.

"வெலிகா, காட்டுப்பன்னித் தொடை. வேலியில மாட்டிச்சு. உன் வீட்டு ஜெர்மன்காரங்களுக்கும் ஆக்கிப் போடு. இருக்காங்களா?"

"இருக்காங்க. நடந்த களைப்புல அவன் தூங்குறான்."

அவன் சிரிச்சிட்டுப் போனான். லாரிச் சத்தம் அடங்கற வரைக்கும் யாரும் அசையல. அப்புறம் ஹைட்ருன் அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சு, கறியை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சா. மயிர் ஒட்டின தோலைத் தடவித் தடவிப் பார்த்தா.

"இது அவர் இல்ல, அக்கா."

"இல்லடி. இது பன்னி."

"இது அவர் இல்ல"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிச்சா, அழுதா. நானும் அழுதேன். ஸ்தமாத் ஜன்னலைச் சாத்திட்டு, ஆத்தைத் தாண்ட அவனுக்கு இன்னும் ஒரு ராத்திரி நடை இருக்குன்னு சொன்னான்.